உற்பத்தி நாடு

தெமட்டகொடையில் மழை விட்டு அரை மணி.
யார்ட் முழுக்கப் பொனற்றுகள் ஆவி விடுகின்றன.
என் கையில் ஒரு கிளிப் பலகை,
நூலில் கட்டிய ஒரு காந்தத் துண்டு.
ஒட்டினால் தகரம், வழுக்கினால் பட்டி.
லீசிங் கம்பனி எனக்குச் சம்பளம் தருவது
இந்தச் சின்ன நம்பிக்கையீனத்துக்குத்தான்.

முதலாவது ஜப்பான்.
சாதகத்தோடு வந்திருக்கிறது.
ஏலத் தாளில் நாலரைப் புள்ளி,
இடது கதவில் ஒரு நகக்கீறல்,
அதையும் விடாமல் வட்டமிட்டிருக்கிறார்கள்.
என் மூன்று தங்கைமாருக்கும் வந்த தரகர்களில்
ஒருவர்கூட இப்படி எழுதித் தந்ததில்லை.
சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல்
பணிவாக எதையோ கேட்கிறது.
ஏதோ அட்டையாம், அங்கத்தைய நெடுஞ்சாலைக்கு.
எட்டு வருடமாகக் கேட்கிறாள்.
கொழும்பில் யாரும் கொடுக்கவில்லை,
யாரும் அவள் வாயை மூடவுமில்லை.
"அந்தச் சத்தம் இருந்தாத்தான் சேர் விலை" என்கிறார் றிஸ்மி முதலாளி.
திரையில் இன்னமும் அவர்களுடைய வரைபடம்.
அதன்படி நாங்கள் இருவரும்
கடலுக்குள் நிற்கிறோம்.

இரண்டாவதுக்குப் பெயரே சொல்வதில்லை.
"இந்தியன்."
அவ்வளவுதான்.
அதன் கதவை மட்டும் பெடியன் காலால் சாத்துகிறான்.
கட்டிப் பதினொரு இலட்சம் குறை என்று
தலைமையகம் ஒரு அட்டவணை தந்திருக்கிறது.
படிவத்தின் ஆறாம் நிரல்: உற்பத்தி நாடு.
அப்பா ஒருமுறை
ஒரு மேசைக்கு முன்னால் நின்று
இதே கேள்விக்கு மஸ்கெலியா என்றார்.
எழுதியவர் வேறொன்று எழுதினார்.
நான் ஆறாம் நிரலைக்
கடைசியில்தான் நிரப்புவேன்.

மூன்றாவது, இங்கேயே பூட்டிய கார்.
பெரியாஸ்பத்திரித் தாதி நிலூகா
இரவு வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள்.
"அபே ரட்டே கார் எக்கக்" என்றுதான் வாங்கினாளாம்,
நம் நாட்டுக் கார்.
வார்ட்டில் ஒரு வாரம் சிரித்தார்களாம்.
நான் குனிந்து பார்க்கிறேன்.
எஞ்சின் சீனா. பற்றரி இங்கே. ரயர் இங்கே.
சீற் தைத்தது கண்டியில் யாரோ,
நூல் நேராகப் போகிறது.
ஜப்பான்காரனின் பக்கக் கண்ணாடி உடைந்தால்
பஞ்சிகாவத்தையில் எட்டுக் கடை.
நம் நாட்டுக்காரனுடையது உடைந்தால்
கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும்.
இரண்டு மாதமாக அவள்
வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம்
தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறாள்.

பிளேன்ரீ வருகிறது.
றிஸ்மி யோக்கோஹாமா போய் வந்தவர்.
"அங்க காசுக்காரன் ஜேர்மன் கார்தான் எடுப்பான் சேர்.
ஸ்ரியறிங்கை வேணுமெண்டே இடப்பக்கம் விட்டிருப்பான்,
வெளிநாட்டுச் சாமான் எண்டு ரோட்டுக்குத் தெரியோணுமே!"
ஸ்ருட்கார்ட்டில் இருக்கும் மச்சானிடம் கேட்டிருக்கிறேன்.
அங்கே ஜேர்மன் கார் என்று யாரும் சொல்வதில்லையாம்.
கார் என்கிறார்களாம்.

நிலூகா எவ்வளவு என்று கேட்கிறாள்.
சொல்கிறேன்.
கைப்பையின் சிப்பை இழுத்து மூடுகிறாள்,
திறந்து, திரும்பவும் மூடுகிறாள்.
"நீங்கள் என்றால் எதை வாங்குவீர்கள்?"
நான் நூற்றெழுபத்தாறாம் பஸ்ஸில் போகிறவன் என்று
சிங்களத்தில் சொல்கிறேன்.
அதற்குச் சிரிக்கிறாள்.

விற்கவில்லை அவள்.
ஒரே திருப்பில் ஸ்ராட்.
அந்தக் கார் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.
தலையை வெளியே நீட்டி
பேஸ்லைன் வீதிக்குள் கலக்கிறாள்.

ஆறாம் நிரல் மூன்றிலும் வெறுமை.
பின்னால் பெடியன் சாவியைத் திருப்பி விளையாடுகிறான்.
அவள் மறுபடி அட்டை கேட்கிறாள்.
"நே, நோனா" என்கிறான் அவன்,
துடைத்துக்கொண்டே.